வெச்சூர்ப் பசுவும் கலப்பினக் காளையும்

கேரள நாட்டில், கோட்டயம் மாவட்டத்தின் வைக்கம் வட்டத்தில், வேம்பநாட்டுக் காயலை ஒட்டி வெச்சூர் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. வைக்கம் என்றதும் 1924ஆம் ஆண்டின் தெருநுழைவுப் போராட்டமும் தந்தை பெரியாரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின், அவ்வட்டாரத்தின் பெயர் உலகக் கால்நடை நூல்களில் ஏறியிருப்பது வேறொரு காரணம் பற்றி. வெச்சூரின் பெயரைத் தாங்கிய மாட்டினம் ஒன்று அங்கே உண்டு. நன்கு வளர்ந்த பசுவின் உயரம் சராசரியாக 87 செண்டிமீட்டர். நீளம் 124 செண்டிமீட்டர். எடை 130 கிலோவுக்குச் சற்று முன்பின். நாம் உணவருந்தும் மேசையைவிட ஒரு கைப்பிடி உயரமே கூடுதல் என்று சொன்னால் அளவு விளங்கும். உலகிலுள்ள மாட்டினங்களுள் மிகச் சிறியது இதுவே என்று அறிஞர் எழுதுகின்றனர்.

1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் இவ்வினம் அறவே அழிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். பஞ்சம் வந்து அழியவில்லை. கோமாரி வந்து அழியவில்லை. கசாப்புக் கடைக்குப் போயும் அழியவில்லை. நல்ல எண்ணத்தோடு இயற்றப்பட்ட ஒரு சட்டமும், நல்ல எண்ணத்தோடு நாட்டில் பரப்பப்பட்ட ஓர் அறிவியல் முறையும், பால் வேண்டிய ஏழை உழவனின் நியாயமான விருப்பமும் சேர்ந்து அதனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. குற்றவாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாத அழிவு இது. அதனாலேயே இதன் வரலாறு நம் சிந்தனைக்கு உரியதாகிறது.

தமிழாசிரியர்களுக்கு ஒரு சொல். 'இனம்' என்னும் சொல்லை இன்று நாம் மக்கட் பிரிவுக்கும் மாட்டு வகைக்கும் வழங்குகிறோம். பழந்தமிழில் ஆனினம் என்றால் பசுக்கூட்டம். கூடி மேய்வன, கூடி வாழ்வன எல்லாம் இனம். குருதித் தூய்மை என்ற கருத்து அச்சொல்லில் தொடக்கத்தில் முனைப்பாக இருந்ததாகத் தோன்றவில்லை. தொல்காப்பிய மரபியல் எருமை, மரை, பெற்றம் ஆகியவற்றின் பெண்ணுக்கு 'நாகு' என்னும் பெயரைக் கூறும். ஆண், பெண், இளமை என்று பெயர் வகுக்கும். எந்த ஊர் மாடு, எந்தக் கலப்பு என்று வகுக்காது. ஏட்டில் பெயர் பதிந்து, தாய் தந்தை வழியெழுதி, 'இது தூய இனம், இது கலப்பு' என்று பிரிக்கும் வழக்கம் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. வெச்சூர்ப் பசுவை வளர்த்த குடும்பங்களிடம் அத்தகைய ஏடு எதுவும் இருந்ததில்லை. பின்னால் எழுந்த பூசல்களுக்கு இவ்வுண்மை ஒரு வேராக அமைந்தது.

புரையிடத்துப் பசு

மலையாள நாட்டின் குடியிருப்பு முறை தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வேறுபட்டது. தெருவாக வீடுகள் வரிசையாய் நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு தோட்டத்தின் நடுவே நிற்கும். அத்தோட்டத்தைப் 'புரையிடம்' என்பர். தென்னை, பலா, மிளகுக்கொடி, வாழை எல்லாம் அதில் இருக்கும். மேய்ச்சல் நிலம் மட்டும் இராது. தென்னை மரத்தடியில் கட்டப்பட்ட பசு, கஞ்சித் தண்ணீரையும் வைக்கோலையும் பலா இலையையும் வரப்புப் புல்லையும் தின்று வாழ வேண்டும். மழையோ ஆண்டின் பெரும்பகுதி பெய்வது. ஈரத்தில் நின்று, கிடைத்ததைத் தின்று, ஆண்டுதோறும் கன்றும் ஈன்று, இரண்டு மூன்று லிட்டர் பாலும் கொடுக்கக்கூடிய மாடு எதுவோ அதுவே அங்கு நிலைபெற்றது.

இரண்டரை லிட்டர் பால் என்றால் இன்று நகைப்போர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 130 கிலோ எடையுள்ள பசு இரண்டரை லிட்டர் கறந்தால், அதே விகிதத்தில் 600 கிலோ எடையுள்ள சீமைப்பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ பதினொன்றரை லிட்டர் கறக்க வேண்டும். புண்ணாக்கும் தவிடும் வாங்கிப் போடாமல், கஞ்சித் தண்ணீரில் அதைக் கறந்து காட்டச் சொன்னால் சீமைப்பசு தோற்றுவிடும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. பால் கூட்டுறவுச் சங்கத்தின் அளவைக் குவளை, பசுவின் எடையைக் கேட்பதில்லை. வீட்டுக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்ற நிலையில் வெச்சூர்ப் பசு போதும். பாலை விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது அது போதவில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே (1951-56) மாட்டின மேம்பாட்டுக்கென மூலக்கிராமத் திட்டம் தொடங்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சிற்றூர்களில் நல்ல காளைகளை நிறுத்துவது, மற்றக் காளைகளைக் காயடிப்பது என்பன அதன் இரு கைகள். கேரளத்தில் நிறுத்தப்பட்ட காளைகள் தொடக்கத்தில் சிந்தி முதலிய வடநாட்டு வகையின. பிறகு ஜெர்சி வந்தது. 1961இல் அம்மாநிலத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் இல்லாத பொலிகாளையை வைத்திருப்பது குற்றமாயிற்று. அத்தகைய காளைகளைக் காயடிக்க அரசு அலுவலர்க்கு அதிகாரம் வழங்கப்பட்டது. உரிமம் பெறும் தகுதி நாட்டுக் குட்டைக் காளைகளுக்கு இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய கருத்தன்று. சென்னை மாகாணத்தில் 1940ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் இருந்தது. 'தரங்கெட்ட காளை' என்பது அக்காலத்து அலுவலகங்களில் அடிபட்ட சொல். ஊர் சுற்றித் திரியும் நோஞ்சான் காளையையும், ஒரு வட்டாரத்துக்கே உரிய சிறு காளையையும் அச்சொல் ஒன்றாகவே எண்ணியது. பெரியது உயர்ந்தது, சிறியது தாழ்ந்தது என்னும் அளவுகோல் ஒன்றே அலுவலர் கையில் இருந்தது. (தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு கால்நடை இனப்பெருக்கச் சட்டம் வந்தபோது, காளைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியைக் கண்டு நாட்டுமாடு வளர்ப்போர் அஞ்சியதற்குக் காரணம் இந்தப் பழைய நினைவே. 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் ஏறுதழுவலுக்காகத் திரண்ட கூட்டத்திலும் நாட்டினக் காளைகள் அருகிவிடும் என்ற அச்சம் உரத்து ஒலித்தது.)

சட்டத்துக்கு அடுத்து வந்தது அறிவியல். விந்தணுவைக் கிளிசரின் சேர்த்து உறையவைத்துக் காக்கும் முறையை இங்கிலாந்து ஆய்வாளர் 1949இல் கண்டறிந்திருந்தனர். 1963இல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டி என்னும் மலையூரில் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கிற்று. பட்டி என்பது ஆநிரையை அடைக்கும் தொழுவம். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான் போலும். தேயிலைத் தோட்டங்களும் அவற்றில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளரும் நிறைந்த அந்தக் குளிர்மலைக்கு 'பிரவுன் சுவிஸ்' என்னும் ஆல்ப்ஸ் மலைக் காளைகள் வந்தன. அங்கிருந்து அவற்றின் விந்து கீழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றது. கேரளத்து நாட்டுப் பசுக்களோடு பிரவுன் சுவிஸ், ஜெர்சி, பின்னர் ஹோல்ஸ்டீன் ஆகியவற்றைக் கலந்து உருவான கலப்பினத்துக்குச் 'சுனந்தினி' என்று அழகான பெயரும் சூட்டினர். 1976இல் தேசிய வேளாண் ஆணையமும் நாடு முழுவதற்கும் கலப்பினமே பாற்பெருக்கத்துக்கு வழி என்று பரிந்துரைத்தது.

அழிவு நடந்த விதத்தைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும். ஓர் இனம் அழியப் பசுக்களைக் கொல்ல வேண்டியதில்லை. காளைகள் இல்லாமற் போனாலே போதும். வெச்சூர்ப் பசு தன் வாழ்நாளில் ஆறேழு கன்றுகள் ஈனும். அவை அனைத்தும் ஜெர்சிக் காளைக்கோ சுவிஸ் காளைக்கோ பிறந்தால், அந்தப் பசு இறக்கும்போது அதன் இனத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சுவதில்லை. தொழுவத்தில் பசு நின்றுகொண்டே இருக்கும். கன்றுகள் துள்ளிக்கொண்டே இருக்கும். பால் பெருகிக்கொண்டே இருக்கும். இனம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பதினைந்து இருபது ஆண்டுகளில் கதை முடிந்துவிடும். யாரும் எதையும் இழந்ததாக உணர்வதற்குள்ளேயே இழப்பு நிறைவேறிவிடுகிறது. இன்று கேரளத்து மாடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கலப்பினம். இந்தியாவில் வேறெந்தப் பெரிய மாநிலத்திலும் இவ்விகிதம் இவ்வளவு உயரவில்லை.

அக்காலத்து உழவரைக் குறை கூறுவது எளிது, ஆனால் நீதியன்று. இரண்டு லிட்டர் கறந்த வீட்டில் எட்டு லிட்டர் கறந்தால் யார்தாம் மகிழார்? முதல் தலைமுறைக் கலப்பில் ஒரு தனிப்பொலிவு உண்டு. தாய்வழி வெப்பத்தையும் நோயையும் தாங்கும் ஆற்றலும், தந்தைவழிப் பாலும் ஒரே உடலில் சேர்கின்றன. அந்தக் கிடாரியைக் கண்டவன் அடுத்த பசுவுக்கும் அதே ஊசியைக் கேட்டான். இடர் இரண்டாம் மூன்றாம் தலைமுறைகளில்தான் வெளிப்படும். கலப்பினப் பசுவை மீண்டும் சீமைக் காளையோடு சேர்த்தால் வெப்பம் தாங்காத, மடிநோய்க்கு எளிதில் இரையாகும் மாடு பிறக்கிறது. கலப்பினத்தையே கலப்பினத்தோடு சேர்த்தால் முதல் தலைமுறையின் பொலிவு ஓரளவு குன்றுகிறது. சீமைக்குருதி பாதிக்கு மேல் மிகாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற விதியெல்லாம் இதனால் எழுந்ததே. ஆனால் திரும்பிப் போய் முதல் தலைமுறைக் கலப்பை மீண்டும் உண்டாக்க வேண்டுமென்றால் நாட்டுப்பசு வேண்டும். அது எங்கே?

தேடிச் சென்றவர்கள்

1989ஆம் ஆண்டு கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, திருச்சூர் அருகே மண்ணுத்தியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் மரபியல் பேராசிரியராக இருந்த சோசம்மா ஐப் என்னும் அம்மையார், தம் மாணவர் சிலரோடு வெச்சூர்ப் பசுவைத் தேடப் புறப்பட்டார். வகுப்பில் பாடமாகச் சொல்லும் இனம் கண்ணால் காண இல்லை என்ற நிலை ஆசிரியர் ஒருவரை எவ்வளவு வருத்தும் என்பது நம் ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று. வைக்கம், சேர்த்தலைப் பகுதிகளின் சிற்றூர்களில் வீடு வீடாக விசாரித்து அலைந்தனர். ஊசி போட ஆள் வராத ஒதுக்குப்புறங்களில், பழைய வழக்கத்தை விடாத சில வீடுகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டைப் பசுக்கள் தென்பட்டன. முதற்கட்டத்தில் திரட்ட முடிந்தவை ஏறத்தாழ இரண்டு டஜன் மட்டுமே.

மாட்டைப் பெறுவதைவிட, மற்றவரை நம்பவைப்பது கடினமாயிருந்தது. 'பால் இல்லாத குட்டை மாட்டை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?' என்பது ஒரு கேள்வி. கலப்பினக் கொள்கையைப் பல ஆண்டுகள் நடத்தியவர்களுக்கு, நாட்டு மாட்டைக் காக்கப் புறப்பட்டவரின் செயல், தம் வாழ்நாட் பணியைப் பழிப்பது போலத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. 'இவை வெச்சூர் மாடுகள்தாம் என்பதற்குச் சான்று யாது?' என்பது மற்றொரு கேள்வி. முன்னே சொன்ன வழியேடு இல்லாத குறை இங்கேதான் உறைத்தது. உயரம், கொம்பு, நிறம், தலையின் அமைப்பு இவற்றைப் பார்த்து மூத்த உழவர் 'இதுதான்' என்று சொன்ன சொல்லே தொடக்கத்தில் சான்றாயிற்று. மரபணுச் சோதனைகள் எல்லாம் பின்னால் வந்தவை.

1998இல் வெச்சூர்ப் பாதுகாப்பு அறக்கட்டளை நிறுவப்பட்டு, கல்லூரிக்கு வெளியே உள்ள வளர்ப்போர் கைக்கும் கன்றுகள் சென்றன. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட, அழியும் நிலையிலுள்ள வளர்ப்பு விலங்குகளின் பட்டியலில் வெச்சூர் இடம்பெற்றது. இந்திய அரசின் மரபுவளப் பணியகம் ஏற்றுப் பதிவு செய்துள்ள இனங்களில் இன்று அதுவும் ஒன்று. 2022இல் பேராசிரியருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. விருதுக்கும் முதல் தேடலுக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வளர்ப்போர் மனம்

அழியும் இனம் காப்பாற்றப்பட்டது என்றதும் கதை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. உண்மையான பூசல் அதன் பிறகே தொடங்கும். வெச்சூருக்கு மட்டுமன்று, உலகில் எங்கெல்லாம் சிறு மாட்டினங்கள் எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம் இதுவே நிலை.

இரண்டு டஜன் மாடுகளிலிருந்து இனத்தைப் பெருக்குவதென்றால், உறவுக்குள் சேர்க்கை தவிர்க்க முடியாதது. அண்ணன் தங்கை, தந்தை மகள் என்று சேர்ந்தால் கன்றின் வலிவு குன்றும், மலடு மிகும். ஆகவே ஒவ்வொரு காளையின் வழியையும் தனித்தனியாக எழுதிவைத்து, சுழற்சி முறையில் மாற்றி விட வேண்டும். 'சிறிதளவு வெளிக்குருதி சேர்த்தால் என்ன?' என்று ஒரு சாரார் கேட்பர். 'சேர்த்தால் பிறகு எதைக் காப்பாற்றுகிறோம்?' என்பர் மற்றொரு சாரார். இரு கேள்வியும் நியாயமானவை என்பதே இதிலுள்ள துன்பம்.

அடுத்தது அளவைப் பற்றிய மோகம். 2014இல் கோழிக்கோட்டு மாவட்டத்தில் வளர்ந்த மாணிக்கியம் என்னும் வெச்சூர்ப் பசு 61.1 செண்டிமீட்டர் உயரத்தோடு உலகின் மிகக் குட்டையான பசு என்று கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று. 2021இல் வங்காள தேசத்தின் ராணி என்னும் பசு 50.8 செண்டிமீட்டரோடு அதனை விஞ்சியது. அப்பெருமையை அறியாமலே அதே ஆண்டில் இறந்தும் போயிற்று. செய்தித்தாள்களுக்கு இவை நல்ல படங்கள். ஆனால் இத்தகைய விளம்பரத்தால் 'எவ்வளவு குட்டையோ அவ்வளவு விலை' என்ற சந்தை பிறந்துவிட்டது. ஆந்திர நாட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் புங்கனூர் இனமும் குட்டையே. 2024 சனவரியில் இந்தியப் பிரதமர் தம் இல்லத்தில் புங்கனூர்ப் பசுக்களுக்குத் தீனி ஊட்டிய படம் வெளிவந்த பிறகு, அவற்றை விரும்பிக் கேட்போர் பெருகினர். மாளிகை வாயிலில் அழகுக்குக் கட்ட மாடு தேடுவோர்க்குக் குட்டையாக இருந்தால் போதும். வெச்சூரா, புங்கனூரா, இரண்டும் கலந்ததா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. இங்கே ஒரு விந்தையைப் பாருங்கள். 1961இல் சிறியது தாழ்ந்தது என்றனர். இன்று மிகச் சிறியதே உயர்ந்தது என்கின்றனர். இரண்டு காலத்திலும் பசுவை முழமிட்டு அளந்தார்களே ஒழிய, அது எந்த மண்ணில் எதற்காக அப்படி ஆயிற்று என்று பார்க்கவில்லை. பாலுக்காகக் கலந்தவனையாவது பசி என்று மன்னிக்கலாம். வேடிக்கைக்காகக் கலப்பவனை என்ன சொல்வது?

மிகக் குட்டையானதை மட்டுமே தேர்ந்து வளர்ப்பதில் உள்ள கேட்டுக்கு அயர்லாந்து நாட்டு டெக்ஸ்டர் இனம் ஒரு பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைக் குடியானவரின் வீட்டுப் பசுவாய்த் தோன்றி, பின்பு இங்கிலாந்துச் செல்வர் விரும்பி வளர்த்த குறும்பசு அது. அதில் மிகக் குட்டைக்கால் உள்ள பசுவையும் மிகக் குட்டைக்கால் உள்ள காளையையும் சேர்த்தால், நான்கில் ஒரு கரு முகம் சப்பிய உருவில், உயிரில்லாமல் விழும். அயர்லாந்து, இங்கிலாந்து மரபியலார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை ஆராய்ந்தனர். காரணமான மரபணு மாற்றம் 2007இல் கண்டறியப்பட்டது. ஒரு பங்கு மாற்றம் இருந்தால் குட்டைக்கால்; இரு பங்கும் சேர்ந்தால் சாவு. ஆகவே 'அசல் டெக்ஸ்டர்' என்று போற்றப்பட்ட அந்தக் குட்டைக்கால் வகை, தன் போன்ற கன்றை மட்டுமே தொடர்ந்து ஈனவே முடியாத ஒன்று! தூய்மையின் இலக்கணமாகக் கொண்டாடியதே ஒருவகைக் கலப்பு நிலை என்று தெரிந்தபோது, அதனைப் பல்லாண்டு வளர்த்தவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? சோதித்துப் பார்த்து நீக்குவோம் என்றனர் சிலர். குட்டைக்கால் போய்விட்டால் டெக்ஸ்டரே போய்விடும் என்றனர் வேறு சிலர். இரு தரப்பும் இன்றும் உண்டு.

டெக்ஸ்டரில் மற்றொரு வழக்கும் உண்டு. கலப்புப் பசுவைத் தொடர்ந்து டெக்ஸ்டர் காளைகளோடு சேர்த்து, தலைமுறைதோறும் ஏட்டில் மேலேற்றி, இறுதியில் தூய இனமாகவே ஏற்றுக்கொள்ளும் முறை பிரிட்டனில் உண்டு. அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய டெக்ஸ்டர் சங்கமோ தாய், தந்தை இரண்டும் பதிவு பெற்றவையாக இருக்க வேண்டும் என்னும். கணக்கு எளியது. முதல் தலைமுறையில் பாதி, அடுத்ததில் முக்கால், பிறகு எட்டில் ஏழு, பிறகு பதினாறில் பதினைந்து, அதாவது நூற்றுக்கு 93.75. எத்தனையாவது படியில் கலப்பு தூய்மையாகிறது என்பதைக் கணக்கு சொல்லாது. வளர்ப்போர் கூடித்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் மனத்தாங்கல்கள் எழுகின்றன. தம் தாத்தா காலத்திலிருந்து ஒரு மந்தையைக் கலப்பில்லாமல் காத்தவர், நேற்றுக் கலந்து இன்று ஏட்டில் ஏறியவரை ஒப்புக்கொள்ள மனம் ஒருப்படுவதில்லை. மறுபுறத்தில், இறைச்சிக்காகப் பெரிய மாடு வளர்ப்போர் தம் கிடாரிகளின் முதல் ஈற்று எளிதாக அமையும்பொருட்டே சிறிய டெக்ஸ்டர் காளையை விரும்பிச் சேர்க்கின்றனர். சிறு கன்று எளிதில் பிறக்கும். பெரிய தாய் பிழைக்கும். கலப்பினால் சிற்றினத்துக்கும் சந்தையில் ஒரு மதிப்பு உண்டாகிறது. மதிப்பு உண்டானால்தான் தூய மந்தையை வளர்ப்போர்க்கும் கட்டுப்படியாகும். இதனைத் தூய்மைவாதிகளும் மறுக்க முடியாமல் தவிப்பது உண்டு.

நம் நாட்டு நிலை

மலேசிய வாசகர் இவ்வளவும் படித்துவிட்டு 'நமக்கு என்ன?' என்று கேட்க வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவின் சொந்த மாடான கெடா-கிளந்தான் இனமும் சிற்றினமே. பசு 200 கிலோவை ஒட்டிய எடை, நெல்வயல் ஓரத்துப் புல்லில் வாழும், வெப்பம் தாங்கும், பெரும்பாலும் ஆண்டுக்கொரு கன்று தவறாமல் ஈனும். 1969இல் நிறுவப்பட்ட மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம், இறைச்சி பெருக வேண்டி அதனைப் பல சீமை இனங்களோடு கலந்து பார்த்தது. பிராமன் இனத்தோடு கலந்து வந்தது 'பிராக்மாஸ்'. பிரெஞ்சு நாட்டுச் சாரோலே இனத்தோடு கலந்து வந்தது 'சாரோக்கே'. பிராமன் என்பது அமெரிக்க இனம் என்று வழங்கப்பட்டாலும், அதன் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்ற ஓங்கோல், கிர், குசராத்து வகை மாடுகளே. ஓங்கோல் காளை அமெரிக்கா சென்று, பெயர் மாறி, மலாய் நாட்டுப் பசுவோடு வந்து சேர்ந்தது ஒரு நெடும்பயணம்.

நம் மக்களோடு நேராகத் தொடர்புடையது மற்றொரு வகை. ரப்பர்த் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் வந்த நம் முன்னோர் பாலுக்காக வளர்த்த மாடுகளின் வழிவந்தவற்றைக் கால்நடைத் துறையினர் 'உள்நாட்டு இந்தியக் கறவை' என்று குறிப்பர். லயத்து வீட்டுக்குப் பின்னே கொட்டகை போட்டு, ரப்பர் மரங்களுக்கிடையே மேய்த்து, விடியுமுன் கறந்து மிதிவண்டியில் பால் கொண்டுபோன பால்காரர்களின் மாடுகள் அவை. பல வட்டார மாடுகள் ஒன்றாகக் கலந்து இந்நாட்டில் உருவானவை. ஏடு இல்லை, பெயர்கூட அலுவலர் இட்டதே. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை ஆகிய பெயர்களில் இன்றும் பழைய மாட்டு வாணிகத்தின் சுவடு நிற்கிறது. 1970ஆம் ஆண்டுகளில் மலேசிய அரசு பால் திரட்டு நிலையங்களை அமைத்தபோது, இந்த மாடுகளுக்கு ஃபிரீசியன் விந்து தரப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து ஃபிரீசியன்-சாகிவால் கலப்பினங்களும் வந்தன. தோட்டங்கள் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் மாறியபோது மேய்ச்சலும் போயிற்று. வெச்சூர்ப் பசுவைத் தேட ஒரு பேராசிரியர் வந்தார். தோட்டத்துக் கறவையைப் பற்றி நம்மவர் எழுதிய தனி நூல் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. பால்காரக் குடும்பங்களின் முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை நம் பள்ளி மாணவர்களே செய்யலாம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

மீண்டும் கேரளத்துக்கு வருவோம். மாட்டுப்பட்டியில் சுவிஸ் காளைகளோடு தொடங்கிய திட்டம், 1976இல் உருவான கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியத்தின் பொறுப்புக்கு வந்தது. அந்த வாரியம் வழங்கும் உறைவிந்துப் பட்டியலில் இன்று ஜெர்சி, ஹோல்ஸ்டீன், சுனந்தினி இவற்றோடு வெச்சூர்க் காளையும் இடம்பெற்றுள்ளது. வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். ஆனால் கேட்பவர் தொழுவத்தில் நிற்பது பெரும்பாலும் கலப்பினப் பசு. அதற்கு வெச்சூர் விந்தை இட்டால் பிறக்கும் கன்றில் வெச்சூர்க் குருதி பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதன் மகளுக்கும், அம்மகளின் மகளுக்கும் அவ்வாறே இட்டுவந்தால், ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு ஆண்டு வீதம், பதினாறில் பதினைந்து பங்கை எட்டப் பன்னிரண்டு முதல் பதினாறு ஆண்டுகள் ஆகும். இடையில் ஒவ்வொரு தலைமுறையிலும் பால் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும்.